மூத்தவர் பேரில் ஒரு கடவுச்சீட்டு

வெளியில் யாராவது "சாஜித்" என்று கூப்பிட்டால், எங்கள் பக்கத்து வீட்டு நூஹு காக்கா முதல் தடவை திரும்பமாட்டார். இரண்டாம் தடவைதான் திரும்புவார். சாய்ந்தமருதுச் சந்தையில் பல வருடங்களாக நான் கண்ட பழக்கம் அது. காது மந்தம் என்று பகிடி பண்ணுவார்கள்.

சாஜித், அவருடன் பிறந்த மூத்தவரின், அவருடைய காக்காவின், பெயர். சுனாமியில் போன பிள்ளை. மையித்து கரையொதுங்காததால் உம்மா றுகையா மரணப் பதிவுக்குச் சம்மதிக்கவில்லை. அதற்குப் பிறகு நூஹுவைக் கடலில் கால் நனைக்கவும் விடவில்லை.

வீட்டோடு நூஹுவின் பிறப்புப் பத்திரமும் போயிற்று. பள்ளிக்கூடத்தில் கொடுத்திருந்த சாஜிதுடையது மட்டும் மிஞ்சியது. பதினைந்து வயதில் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனார். அடையாள அட்டை இல்லாதவனை வைத்திருக்க மாட்டோம் என்றார்கள். மூத்தவரின் பத்திரத்தைக் காட்டி அட்டை எடுத்தார், தாளில் பதினெட்டு வயதாகிவிட்டது. பிறகு கலியாணப் பதிவு, மகளின் பிறப்புப் பதிவு எல்லாம் அந்தப் பெயரில்தான். "எனக்குப் பென்சன் மூணு வருசம் முந்தியே வரும்" என்று சிரிப்பார்.

போன வருடம் உல்லாசக் கப்பலொன்றில் துணி வெளுக்கும் வேலை வந்தது. எங்கள் தெருவில் கம்பசுக்குப் போன முதல் ஆள் என்று படிவங்களை என்னிடம்தான் கொண்டுவந்தார். கடவுச்சீட்டு, பொலிஸ் அறிக்கை, மாலுமிப் பதிவுப் புத்தகம், தடுப்பூசி அட்டை. எந்த அரச கந்தோரிலும் ஒரு கேள்வி வரவில்லை. அவ்வளவு லேசாக எல்லாம் கிடைத்ததுதான் எனக்கு என்னவோ செய்தது.

சொந்தப் பெயருக்கு மாற்ற வழியிருக்கிறதா என்று றுகையா மாமி கேட்டார். விசாரித்தேன். சாஜித் இறந்ததை முதலில் பதிய வேண்டும். பதிந்தால் அட்டையும் கலியாணமும் வேலையும் கேள்வியாகிவிடும். கப்பல் காத்திருக்காது.

போகும் நாள் மாமி வாசலில் மறித்தார்.

"அந்தப் பேரோட கடலுக்குப் போகாத, மகன். அந்தப் பேரக் கடல் ஒருக்கா எடுத்திட்டு."

"கடலுக்கு வாசிக்கத் தெரியுமா உம்மா?"

மாமி சிரிக்கவில்லை. நூஹுவின் குரல் இறங்கியது.

"இந்த ஒரு கொன்ட்ராக்ட் முடியட்டும். வந்து காக்காவ மௌத்தாப் பதிஞ்சு, காயிப் ஜனாஸாவும் தொழுவிக்கன்."

மையித்து இல்லாதவருக்குத் தொழும் தொழுகை அது. மாமி அதுவரை அந்தச் சொல்லை வீட்டுக்குள் எடுக்க விட்டதில்லை. அன்று சம்மதமாகத் தலையசைத்தார்.

அவர் போன ஏழாம் மாதம் கப்பல் கம்பனியிலிருந்து என் தொலைபேசிக்கு அழைப்பு வந்தது. படிவத்தில் என் இலக்கத்தைத்தான் போட்டிருந்தோம். சாஜித் காலை வேலைக்கு வரவில்லை, கப்பலில் எங்கும் இல்லை, கடலில் தேடுவதையும் நிறுத்திவிட்டோம் என்றார்கள். சாஜித் என்று அவர்கள் சொன்னபோது, பிழை என்று சொல்ல வாயெடுத்தேன். ஓம் என்று மட்டும் சொன்னேன்.

பள்ளிவாசலில் காயிப் ஜனாஸா தொழுகைக்கு முன், மௌத்தானவர் யாருக்கும் கடன் வைத்திருந்தால் சொல்லுங்கள் என்று வழமைபோலக் கேட்டார்கள். ஒருவரும் எழும்பவில்லை. நானும் எழும்பவில்லை. எழும்பியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றும் தெரியவில்லை. அன்று தொழுதது நூஹுவுக்கு. சாஜிதுக்கென்று அவர் வாக்குக் கொடுத்த தொழுகை அப்படியே கிடக்கிறது.