கழுவி வந்த மூட்டை

தைப்பூசம் முடிந்த வாரம் வந்த மூட்டையில் ஆட்டு நாற்றம் இல்லை. எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது.

நான் மலேசியாவில், கிள்ளானில் ஒரு ஃப்ளாட்டில் கீழ்வீட்டில் இருக்கிறேன். முடிக்குச் சாயம் போடுவது என் வேலை. தலைமுடிக்கு இல்லை, ஆட்டு முடிக்கு. செமினியில் ஒரு டீச்சர் சின்னதாகப் பண்ணை வைத்திருக்கிறார். தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சுருள்முடி ஆடு கொஞ்சம், செம்மறி கொஞ்சம். அந்தச் சுருள்முடிக்கு மோஹேர் என்று பெயர். செம்மறியில் வருவது கம்பளி. இரண்டையும் கழுவி, சாயம் ஏற்றி, காயவைத்து அவரிடமே திருப்பிக் கொடுப்பேன். பிரிக்ஃபீல்ட்ஸில் சில பெண்கள் அவரிடம் அதை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை கூடி உட்கார்ந்து கையால் நூலாக நூற்கிறார்கள். நூலைக் கடையிலேயே வாங்கலாமே என்று ஒரு தடவை கேட்டேன். சிரித்தார்கள். அதற்குமேல் கேட்கவில்லை.

சாயம் எனக்குப் பழக்கம். மெழுகு வைத்துச் சாயம் போடும் பாத்தேக் பட்டறையில் பல வருஷம் துணி அலசியிருக்கிறேன். ஆனால் முடியைத் துணி மாதிரி அலசக் கூடாது. தேய்த்தால் சிக்கிக்கொண்டு பாய் மாதிரி ஆகிவிடும். சுடுதண்ணீரில் அமுக்கிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். அப்புறம் வினிகர், சாயம், சின்னத் தீ. பானைத் தண்ணீர் தெளிந்தால் முடி சாயத்தைக் குடித்துவிட்டது என்று அர்த்தம். ஃப்ளாட்டுக்குப் பின்னால் பொதுத் துணிக்கொடி இருக்கிறது. அதில் காயப்போடுவேன். வீட்டுக்குள் இடம் கிடையாது. கொடி இல்லை என்றால் வேலை இல்லை.

மூட்டையை டீச்சர் காஜாங் ரயில் ஸ்டேஷனில் வைத்துக் கொடுப்பார். பண்ணைக்கு வரவா என்று கேட்டால், "ரோடு சரியில்லக்கா, பெறகு பாப்போம் லா" என்பார். நானும் விட்டுவிட்டேன். ஆட்டை நான் பார்த்ததே கிடையாது.

எப்போதும் மூட்டையைப் பிரித்தால் நாற்றம் முகத்தில் அடிக்கும். புழுக்கை, புல், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் இருக்கும். அந்த மூட்டையில் ஒன்றும் இல்லை. சுத்தமாகக் கழுவி வந்திருந்தது. வெள்ளை. ரொம்ப மெல்லிசு. குழந்தைத் தலை மாதிரி சுருள் சுருளாக.

முதல் பானை சிவப்பு போட்டேன். கொடியில் தொங்கவிட்டேன். மேல்வீட்டு அக்கா துணி எடுக்க வந்தார். விரதம், பூஜை என்று இருக்கிறவர். ஃப்ளாட் கமிட்டியில் அவர் சொன்னால் நடக்கும். சிவப்புச் சுருளைப் பார்த்ததும் நின்றார்.

"ஏய், யாரு தலை இது?"

"ஆட்டு முடிக்கா. எப்பவும் வர்றதுதான்."

"எப்பவும் வர்றது நாறும். மூக்கப் பொத்திக்கிட்டுப் போவேன். இது நாறலியே."

"கழுவி வந்திருக்கு."

"ஏன் கழுவுனாங்க? பூசம் இப்பதான் முடிஞ்சிச்சி. பத்துமலையில எத்தன பேரு மொட்ட போட்டாங்க. அந்த முடியெல்லாம் எங்க போவுது, சொல்லு?"

"அது கறுப்புக்கா. இது வெள்ளையால்ல வந்திச்சி."

"என் மருமவ சலூனுக்குப் போனா. கறுப்பு முடிய வெள்ளையாக்கி, அதுக்கு மேல நீலம் அடிச்சிட்டு வந்து நிக்கிறா. எனக்கா தெரியாது?"

அக்கா என் தலையைப் பார்த்தார்.

"நீயே மொட்ட. ஒன் முடியும் இதுல கெடக்கோ என்னமோ."

நான் அந்தப் பூசத்துக்குத்தான் மொட்டை போட்டிருந்தேன். போர்ட் கிள்ளானில் லோரியிலிருந்து சாமான் இறக்கும்போது என் மகன் கால் நசுங்கியது. கால் தப்பினால் முடி தருகிறேன் என்று முருகனிடம் வேண்டினேன். தப்பியது. கொடுத்தேன்.

அக்கா மேலே போய் சாமி விளக்குக்கு வைத்திருக்கும் தீப்பெட்டியை எடுத்து வந்தார். ஒரு சுருளைப் பிய்த்துக் கொளுத்தினார். பிளாஸ்டிக் நூல் என்றால் உருகி உருண்டையாகும். இது பொசுங்கிக் கரியானது. பொசுங்கிய தலைமுடி நாற்றம். அச்சு அசல் அதே நாற்றம்.

"மோந்து பாரு" என்றார்.

மோந்தேன். ஆட்டு முடியைக் கொளுத்தினாலும் அப்படித்தான் நாறும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அது எனக்கே தலைமுடியாகத்தான் நாறியது.

"ஞாயித்துக்கெழம மீட்டிங்ல சொல்லப்போறேன். கொடி துணி காயப்போட. சாமிக்குக் குடுத்த முடிய வித்துத் திங்கிறவங்களுக்கு இல்ல."

போய்விட்டார். நான் உள்ளே வந்து அடுப்பை அணைத்தேன். இரண்டாம் பானையில் மஞ்சள் பாதியில் நின்றது. என் தலையைத் தடவிப் பார்த்தேன். முள் முள்ளாகக் குத்தியது.

கொடி போனால் வேறு வேலை பார்க்கலாம். பார்த்திருக்கிறேன். ஆனால் நேர்த்திக்கடன் முடியைப் பானையில் போட்டு வேக வைத்திருந்தால்? அது வேறு கணக்கு. மகன் கால் அதில் இருக்கிறது.

டீச்சருக்குப் போன் போட்டேன்.

"இந்த மூட்டைய ஏன் டீச்சர் கழுவுனீங்க?"

"சும்மாதான்க்கா. நீங்க சாயத்த மட்டும் போடுங்க" என்றார்.

சும்மா யாரும் முடி கழுவமாட்டார்கள். கழுவின எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். மகன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"எங்கம்மா?"

"செமினிக்கு. ஆடு பாக்க."

"ஆடு பாக்கவா? பொண்ணு பாக்கப் போனாலும் பரவால்ல."

கோலாலம்பூரில் ரயில் மாறி காஜாங்கில் இறங்கினேன். டாக்சிக்காரரிடம் பண்ணை என்றேன். எந்தப் பண்ணை என்றார். ஆடு என்றேன். செமினியில் புது வீடுகளாகக் கட்டித் தள்ளியிருக்கிறார்கள். அதெல்லாம் தாண்டி, ரப்பர் மரம் தொடங்கும் இடத்தில் இரண்டு பேரிடம் கேட்டு என்னை இறக்கிவிட்டுப் போனார். ரோடு நன்றாகத்தான் இருந்தது. தார் போட்ட ரோடு.

வேலி கேட் பூட்டியிருந்தது. கூப்பிட்டேன். டீச்சர் வந்தார். பூட்டைத் திறக்கவில்லை.

"யாரு அனுப்புனா ஒங்கள?"

"யாரும் இல்ல. நானா வந்தேன்."

"போன் பண்ணிட்டு வரலாம்ல?"

"பண்ணா வரவேணாம்பீங்க."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்றும் பார்த்தார். பிறகு திறந்தார்.

தகரக் கொட்டகை. பெரிய பெரிய விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஆடுகள் நின்றன. ஒன்றுக்கும் முடி இல்லை. எல்லாம் வெட்டித் தோல் தெரிய நின்றன. முடி பார்க்க வந்தவளுக்கு மொட்டை ஆடுகள். ஒன்று என்னைத் திரும்பிப் பார்த்தது. தலைத்துணி நழுவியிருந்தது. சரி செய்துகொண்டேன்.

"முடி எங்க டீச்சர்?"

"வெட்டியாச்சே. அதத்தான ஒங்ககிட்ட குடுத்தேன். குட்டி முடி. மொத வெட்டு. அதான் மெல்லிசா இருக்கும்."

"குட்டி எங்க?"

உள்தட்டியைத் திறந்து காட்டினார். குட்டிகள் மூலையில் ஒண்டிக்கொண்டு நின்றன. குனிந்து ஒன்றைப் பிடித்தேன். வெட்டு சரியாகப் படாமல் காது ஓரத்தில் ஒரு சுருள் விட்டுப்போயிருந்தது. மடியில் சிவப்புச் சுருள் ஒன்று கொண்டுவந்திருந்தேன். பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே சுருள். ஒரே மெல்லிசு.

அப்போதுதான் மூச்சு விட்டேன்.

"சொல்லுங்கக்கா, எதுக்கு வந்தீங்க?" என்றார் டீச்சர்.

மேல்வீட்டு அக்கா சொன்னதைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நான் ஏன் கழுவுனேன்னு கேட்டீங்கல்ல? அழுக்கோட குடுத்தா, திரும்பி வர்றப்போ ரொம்பக் கொறையுது. அழுக்கு கொறையுதா, முடி கொறையுதான்னு எனக்குத் தெரியல. அதான் கழுவி, நிறுத்துக் குடுத்தேன்."

குட்டியைக் கீழே விட்டேன்.

"நான் எடுத்துக்கிறேன்னு நெனச்சீங்க."

"முன்னாடி ஒருத்தவங்க இங்க வந்து எல்லாத்தையும் பாத்துக் கத்துக்கிட்டாங்க. பெறகு அவங்களே தனியா விக்க ஆரம்பிச்சிட்டாங்க. அதான் யாரையும் உள்ள விடறதில்ல." தரையைப் பார்த்துச் சொன்னார்.

நான் அவரை நினைத்தது ஒன்று. அவர் என்னை நினைத்தது ஒன்று. இரண்டு பேரும் காஜாங் ஸ்டேஷனில் மூட்டையை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி, பத்திரம் பத்திரம் என்று சொல்லிக்கொண்டோம்.

"கழுவாத முடி ஒரு கத்தை குடுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"அக்காவுக்கு."

பெரிய கிடா ஒன்றின் முடி சாக்கில் இருந்தது. ஒரு கத்தை எடுத்தார். என் கையில் கொடுக்கப் போனவர், நின்று, அதையும் தராசில் வைத்தார். நான் பையை விரித்துப் பிடித்தேன்.

ரயிலில் என் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. வந்ததும் நேரே மேல்வீட்டுக்குப் போனேன். பையைப் பிரித்து நீட்டினேன். அக்கா குனிந்தார்.

"சீ! கெடா நாத்தம்! வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டியே!"

"கழுவாதது. நல்லாப் பாருங்கக்கா."

விரல் நுனியால் பிரித்தார். புழுக்கை ஒன்று தரையில் விழுந்தது. அக்கா அதைப் பார்த்தார். புழுக்கை என்ன சொன்னதோ, நான் சொல்லாததை எல்லாம் சொல்லிவிட்டது போல.

"அப்ப அந்தச் செவப்பு?"

"குட்டியோடது. காதோரம் மிச்சம் இருந்திச்சி. வெச்சுப் பாத்தேன்."

"நீயே போயி பாத்தியா?"

"பாத்தேன்."

"நீயும்தான் சந்தேகப்பட்டிருக்க."

ஆமாம் என்றேன். அது அவருக்குத் திருப்தியாக இருந்தது. கீழே போய் அடுப்பைப் பற்றவைத்தேன். நின்றுபோன மஞ்சள் திட்டுத் திட்டாகப் பிடித்திருந்தது. அதன் மேல் சிவப்பு விட்டேன். ஆரஞ்சாக வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் பெண்களுக்கு அது பிடித்துவிட்டதாம். மறுபடியும் கேட்டார்கள். அது எப்படி வந்தது என்று நான் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் மேல்வீட்டு அக்கா எழுந்தார்.

"கீழ்வீட்டுக்காரி காயப்போடுறது ஆட்டு முடிதான். நான் மோந்து பாத்தேன். கொடி இருக்கட்டும். ஆனா ஒவ்வொரு மூட்டையும் நான் மோந்து பாத்த பெறகுதான் பானைக்குப் போவணும்."

"அக்கா, போர்ட்ல கஸ்டம்ஸுக்கு ஆள் எடுக்கிறாங்க. போறீங்களா?" என்றார் கமிட்டிக்காரர் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

இப்போது மூட்டை கழுவாமல் வருகிறது. வேலை முடிந்து கொண்டுபோனால் டீச்சர் ஸ்டேஷனிலேயே கைத்தராசை எடுக்கிறார். முள் நிற்கும் வரைக்கும் இரண்டு பேரும் பேசுவதில்லை. புது மூட்டையோடு வீட்டுக்கு வந்ததும் மேல்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுப்பேன். அக்கா இறங்கி வருவார். மூக்கை வைப்பார். முகம் சுளிப்பார். போவார்.

அவரைக் கூப்பிடுவதற்கு முன்னால் கதவைச் சாத்திவிட்டு நான் ஒரு தடவை மோந்து பார்த்துக்கொள்கிறேன்.