எட்டாவது கிரீனில் கோரை

வேம்புலியம்மாள் எருச் சலித்துக்கொண்டிருந்தாள். கோல்ஃப் மைதானத்துச் சாமான் கொட்டகைக்குப் பின்னால் கம்பி வலை அடித்த சட்டத்தைப் புங்கமரத்தில் சாய்த்து நிறுத்தி, மக்கிய எருவையும் ஆற்று மணலையும் மண்வெட்டியால் அள்ளி அதன்மேல் வீசுவாள். நயமானது அந்தப் பக்கம் விழும். கட்டியும் கல்லும் இவள் காலடியில் உருளும். புரட்டாசி பிறந்தால் இந்த வேலை வந்துவிடும். தோட்டக்காரர்களுக்குத் தலைவனான பெரிய மாலி துலுக்கானத்தின் பெண்டாட்டி என்று சலிக்கிற வேலையிலிருந்து தப்பித்துக்கொண்டவள் இல்லை அவள். மற்றவர்கள் சலித்தால் அவளுக்கு மனசு ஒப்பாது.

ஆவடியில், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸைத் தாண்டி, அதிகாரிகள் பந்தடிக்கிற மைதானம் அது. எண்பத்திரண்டில் அவள் கூலிக்கு வந்தபோது குழி இருக்கிற வட்டங்களில் புல்லே கிடையாது. மணலில் பழைய இன்ஜின் ஆயிலைக் கலந்து பரப்பி, பலகையால் இழுத்து மட்டம் செய்து வைத்திருப்பார்கள். 'பிரவுன்' என்று பெயர். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் சேலையிலிருந்து மோட்டார் கொட்டகை வாசனை வரும். பிறகு கிளப்புக்கு ஒரு செக்ரட்டரி வந்து, பிரவுனை ஒவ்வொன்றாகப் பெயர்த்துப் புல் வைத்தார். அவை கிரீன் ஆயின. கோடையில் அடிபட்டுச் சொட்டையாகும் கிரீன்களைப் புரட்டாசியில் சுரண்டி, தோட்ட முள்கரண்டியால் குத்தித் துளை போட்டு, எருமணல் தூவி, புதுப் புல் நடவேண்டும். அதற்குப்பிறகு ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும்.

புல் நடத் தெரிந்த ஆட்களை செக்ரட்டரி எங்கும் தேடவில்லை. அண்ணனூர், நெமிலிச்சேரிப் பக்கத்துப் பெண்கள் கழனியில் நாற்று நட்டவர்கள். அதே மாதிரி வரிசையாகக் குனிந்து, பின்னால் நகர்ந்து நகர்ந்து கிரீனையும் நட்டுவிட்டார்கள். புல் கட்டுக்குக்கூட 'முடி' என்றே பெயர், நாற்றுக்குச் சொல்வது போல. கழனி வழக்கம் ஒன்றும் கூடவே வந்து சேர்ந்தது. முதல் முடியை ராசியான கைக்காரி ஒருத்தி வாங்கி, கிழக்குப் பார்த்து நின்று, வடகிழக்கே சனி மூலையில் நட்டுத் தொடங்கிவைக்க வேண்டும். முதல் கிரீனிலிருந்து அந்தக் கை வேம்புலியம்மாளுடையதுதான். துலுக்கானம் முடியை எடுத்து நீட்டுவான், இவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாங்குவாள். புருஷன் நாலு பேர் பார்க்க அவளுக்கென்று செய்கிற காரியம் வருஷத்தில் அது ஒன்றுதான். வேறு நாளில் பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள்கூட இல்லை அவன்.

தொண்ணூற்றொன்றில் வனஜா வந்தாள். கோவில்பட்டிப் பக்கம். புருஷன் தொழிற்சாலையில் இருந்தவன், மஞ்சள்காமாலையில் போய்விட்டான். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஒரு பெண் குழந்தையோடு கிராமத்தில் வாடகைக்குக் குடிவந்திருந்தாள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, சத்தமில்லாமல் வேலை செய்வாள். மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தால், அவள் கொண்டுவரும் எள்ளுப்பொடியை இலையில் வைத்து நடுவில் தள்ளிவிடுவாள்.

"இன்னா பொடி இது, சோத்த இன்னும் கேக்குது" என்றான் துலுக்கானம் ஒரு நாள்.

அன்று சாயங்காலமே வேம்புலியம்மாள் எள் வாங்கி வறுத்தாள். மறுநாள் அவன் அதைப் பிசைந்து பேசாமல் சாப்பிட்டான். "எப்பிடிக் கீது?" என்று இவளாகக் கேட்டதற்கு, "உப்பு தூக்கலு" என்றான்.

அதற்கடுத்த புரட்டாசியில் எட்டாவது கிரீன். பெண்கள் வரிசையில் நின்றார்கள். சலித்த மணல் தூவி, தண்ணீர் தெளித்து, வட்டம் முழுக்க ஈரமாகக் கறுத்துக் கிடந்தது. வேம்புலியம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டாள். துலுக்கானம் கூடையிலிருந்து ஒரு முடியை எடுத்து உதறி, அவளைத் தாண்டிக் கையை நீட்டினான்.

"இந்தாம்மா, நீ வெய்யி."

வனஜா வாங்கவில்லை. "எனக்கு எதுக்குண்ணே. அக்கா வைக்கட்டும். நா வைக்கக் கூடாது."

"யாரு சொன்னா? போன வருசம் நீ நட்ட மூலயில ஒண்ணு கூடக் காயல. புடி."

முத்தம்மாள் வாயிலிருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டாள். ஊர்ப்பேச்சில் மூத்தவள் அவள். "தாலி இல்லாதவ கையில குடுக்கறியே நைனா, புல்லுக்குத் தெரிஞ்சா மொளைக்குமா?" என்றாள். விளையாட்டாகச் சொன்னதுதான். சிலர் சிரித்தார்கள்.

வேம்புலியம்மாளும் அதைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வனஜாவின் முகம் அப்போது போன போக்கைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். தான் சொன்னதாகிவிடக் கூடாது. துலுக்கானம் சிரிக்காமல் நீட்டிய கையோடேயே நின்றிருந்தான். வனஜா கடைசியில் வாங்கி, சனி மூலையில் குனிந்தாள்.

அன்றைக்கு நட்ட புல்லெல்லாம் வேம்புலியம்மாள் நட்டாளா, அவள் கை தானாக நட்டதா என்று தெரியாது. அவள் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துவைத்த சட்டை. நேற்றுச் சவரம். நேற்றுச் சவரம் என்றால் எதற்காக? சம்பள நாளும் இல்லை, சாவுக்குப் போகவும் இல்லை.

மத்தியானம் எல்லோரும் கொட்டகைக்குச் சாப்பிடப் போனார்கள். "தண்ணி தெளிச்சிட்டு வரேன்" என்று இவள் பின்தங்கினாள். ஓரத்துப் புதரருகில் ஒரு கூடை இருந்தது. மேடு தட்டும்போது தோண்டியெடுத்த கோரைக்கிழங்கு, குழியில் போட்டுக் கொளுத்துவதற்காக வைத்திருந்தது. கறுப்பாக, கொண்டைக்கடலை அளவில். இவள் ஒரு பிடி அள்ளினாள். சனி மூலைக்குப் போய்க் குனிந்தாள். கட்டைவிரலால் ஒரு குழி, அதில் ஒரு கிழங்கு, உள்ளங்கையால் ஓர் அழுத்து. பின்னால் நகர்ந்து இன்னொன்று. பிடி தீர்ந்ததும் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, தண்ணீர் தெளித்து, சாப்பிடப் போனாள். நல்ல பசி. வனஜாவின் எள்ளுப்பொடியைக்கூட அன்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

மழை சீக்கிரமே வந்தது. புல் பிடித்தது. சனி மூலையில் புல்லுக்கு மேலே பளபளவென்று கோரை தலை நீட்டியது.

"இன்னாடி வனஜா, புல்லு நடச் சொன்னா கோரை நட்டுகீற?" என்றாள் முத்தம்மாள். "அன்னிக்கே சொன்னேன், எவ கேட்டா?"

வேம்புலியம்மாள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "ராசின்னா ராசிதான்" என்றாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தாள். சொன்னபிறகு நினைத்த அளவுக்கு ருசிக்கவில்லை.

வனஜா கோரையருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனாள். ஒரு கோரைக்கும் அடுத்ததற்கும் நடுவில் தன் கையை விரித்து வைத்தாள், எடுத்தாள். பிறகு நிமிர்ந்து வேம்புலியம்மாளை ஒரு பார்வை பார்த்தாள். கோபமான பார்வை இல்லை. கடையில் கொடுத்த சேலையை வீட்டுக்கு வந்து விரித்துப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. பிறகு குனிந்து பிடுங்கத் தொடங்கிவிட்டாள்.

கோரையை இழுத்தால் தாள்தான் கையோடு வரும். கிழங்கு உள்ளேயே இருந்துகொண்டு நாலைந்து குட்டி போடும். மண்வெட்டி போட்டால் கிரீன் போய்விடும். ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொரு கிழங்காகக் கிளப்ப வேண்டும், நாள்கணக்கில். மழைக்காலத்தில் வேலை இல்லையென்று பெண்களை நிறுத்திவிடுவது வழக்கம். அந்த வருஷமும் நிறுத்தினார்கள். ஒருத்தியை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார் செக்ரட்டரி. யார் நட்ட மூலையோ அவளே சுத்தம் செய்யட்டும் என்று.

இப்படி ஒரு திருப்பம் இருக்குமென்று வேம்புலியம்மாள் நினைக்கவில்லை. இவள் வீட்டில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். எட்டாவது கிரீனில் வனஜா சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த மைதானத்தில் அத்தனை இடம் இருக்க, துலுக்கானம் தினமும் அங்கேதான் போய் நிற்பான். போகாமல் எப்படி, அவன்தானே பெரிய மாலி. முத்தம்மாள் மழைக்கு ஒதுங்குகிற சாக்கில் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

"உன் ஊட்டுக்காரு குடையப் புடிச்சினு நின்னுகிறாருடி. அவளுக்கா, கிரீனுக்கா, நா கேக்கல."

"கிரீனுக்குத்தான்" என்றாள் வேம்புலியம்மாள். முத்தம்மாள் போனதும் பொறுக்கிய அரிசியையும் கல்லையும் ஒன்றாகக் கொட்டிவிட்டு மறுபடி பொறுக்கினாள். தானே கிழங்கைப் போட்டுத் தானே அவர்களைச் சேர்த்து உட்கார வைத்துவிட்டோமென்று அவளுக்குப் புரியாமலில்லை. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

கார்த்திகையில் ஒரு மத்தியானம் அவன் நனைந்த காலோடு சாப்பிட வந்தான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். சமையலறையில் பலகையைப் போட்டு உட்கார்ந்தான். இவள் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள்.

"கோரை எங்கயாச்சும் வரிசையா மொளைக்குமாமே?" என்றான்.

இவள் கரண்டியைச் சட்டியில் விட்டாள். "கோரை இன்னாத்த கண்டுச்சு வரிசைய."

"அதான் கேக்கறேன். இன்னிக்குக் கடைசிக் கெழங்க எடுத்துட்டுப் பாத்தா, குழிங்க மட்டும் நிக்குது. நட்டு வெச்ச மாதிரி. ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல ஒரு கை. அந்தப் பொண்ணு கை வெச்சா எடம் மிஞ்சுது. என் கை வெச்சா எடம் பத்தல." ஒரு கவளம் வாயில் போட்டு மென்றான். "நம்ம கழனி இருந்தப்ப உன் நடவ மட்டும் நா தனியா கண்டுபுடிப்பேன். அதே அளவு."

அடுப்பில் விறகு சரிந்தது. இவள் உள்ளே தள்ளினாள். மறுப்பதற்கு வார்த்தை தேடிப் பார்த்தாள். கிடைத்ததெல்லாம் அவளுக்கே நம்பும்படி இல்லை. கண்டபடி இறைத்துவிட்டு வந்திருந்தால் கோரை கோரையாகவே இருந்திருக்கும். நாற்று நட்ட கைப்பழக்கம் விடவில்லை.

"அவளுக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரிஞ்சிகீது. ஆபீசுல கேட்டாங்க, நா கேட்டேன். ஒரு வார்த்தை சொல்லல." கொஞ்சம் நிறுத்தி, "ஒரு வார்த்தை" என்றான் மறுபடி.

அந்த இரண்டாவது தடவைதான் இவளைச் சுட்டது. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள். சட்டியைத் தூக்கி எறிந்திருந்தாலும் பொறுக்கி அடுக்கியிருப்பாள். இந்த மனுஷன் தன்னைப்பற்றி ஒரு நாளும் இப்படி நிறுத்தி, திரும்பச் சொன்னதில்லை.

"நா செஞ்சது தப்புதான்" என்றாள். "நாளைக்கே போயி அவகிட்ட சொல்றேன், கால்ல உழணும்னாலும் உழறேன். நீ ஒண்ணு சொல்லு. மொத முடிய ஏன் அவ கையில குடுத்தே?"

அவன் சோற்றைப் பிசைந்தான்.

"புல்லுக்கோசரம் குடுத்தியா? பொடவைய இழுத்துச் செருவிக்கினு நா நிக்கறேன், என்னைத் தாண்டிக் கைய நீட்னியே. நா நிக்கறது கண்ல படலியா, பட்டும் நீட்னியா?"

துலுக்கானம் கடைசிக் கவளத்தை உருட்டிச் சாப்பிட்டான். சொம்பை எடுத்துத் தட்டிலேயே கையைக் கழுவினான். இவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான், அதில் ஏதோ கிடப்பதுபோல. பிறகு எழுந்து, கொடியில் கிடந்த துண்டை உருவித் தலையில் போட்டுக்கொண்டு, நிலைக்குக் குனிந்து, மழைக்குள் போனான்.