ராஜி எழுதிய இருக்கைப் பட்டியல்

மாரெட்பள்ளியில் இருக்கும் எங்கள் பெண்கள் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் ராஜி இருபத்தோரு வருடமாக அட்டெண்டர். கண்ணாடிக் குழாய்களைக் கழுவுவது, அமில பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டுவது, மாணவிகள் உடைத்ததை எழுதி வைப்பது, இதெல்லாம் அவள் வேலை. அப்பா தேவசகாயம் பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து லாலாகுடா ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். நான் அதே கல்லூரியில் நூலகர். மதியம் இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். அதனால் 2021இல் எங்கள் கால்பந்து அணிக்காக அவள் செய்ததை முழுக்கப் பக்கத்திலிருந்தே பார்த்தேன்.

அந்த செப்டம்பரில் ஒரு சுற்றறிக்கை வந்தது. டிசம்பர் இருபதாம் தேதி கச்சிபௌலியில் கல்லூரிப் பெண்களுக்கான கால்பந்துப் போட்டி தொடங்குகிறது. ஆடுகிறவர்கள் எல்லாரும் இரண்டு தடுப்பூசியும் போட்டுப் பதினான்கு நாள் ஆகியிருக்க வேண்டும். போட்டிக்கு முந்தைய எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் கொரோனா பரிசோதனை செய்திருக்க வேண்டும். இவற்றைக் கவனிக்க அணிக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும்.

விளையாட்டுத் துறையின் அனந்தகிருஷ்ணன் சார் ஆசிரியர்களிடம் கேட்டுப் பார்த்தார். எல்லாருக்கும் வேறு வேலை இருந்தது. கடைசியில் காகிதம் ராஜியிடம் வந்தது. கால்பந்தில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் என்றுகூட அவளுக்குத் தெரியாது. ஆனால் காகிதத்தை இரண்டு முறை படித்தாள். சுவர்க் காலண்டர் முன்னால் பென்சிலோடு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு நேராக அவர் அறைக்குப் போனாள்.

"சார், பதிமூணாந் தேதிக்குள்ள முதல் ஊசி போடலேன்னா நம்ம பிள்ளைங்க ஆடவே முடியாது."

"இன்னும் மூணு மாசம் இருக்கேம்மா!"

"நம்ம சென்டர்ல போடற ஊசிக்கு நடுவுல எம்பத்திநாலு நாள் விடணும் சார். அதுக்கு மேல பதினாலு நாள். எண்ணிப் பாருங்க. இன்னைக்குத் தேதி ஒம்பது."

அவர் எண்ணினார். மறுபடியும் எண்ணினார். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

பதினெட்டுப் பேர் அணியில் பதினோரு பேர் ஊசி போட்டிருக்கவில்லை. காய்ச்சல் வரும், மாதவிலக்கு தாறுமாறாகும், பிறகு குழந்தையே பிறக்காது என்று வாட்ஸ்அப்பில் வந்ததெல்லாம் அவர்கள் வீடுகளில் பேச்சாக இருந்தது. ராஜி அவர்களை ஆய்வகத்தில் கூட்டி விதிகளைச் சொன்னாள். இரண்டாவது கோல்கீப்பரான அஸ்வினிக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

"ஆன்ட்டி, நீங்க போட்டுட்டீங்களா?"

ராஜி போடவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். ஏப்ரலில் அவள் அண்ணன் ஊசி போட்டுக்கொண்ட மறுநாளே காய்ச்சலில் விழுந்தார். பன்னிரண்டு நாளில் போய்விட்டார். ஊசி போடும்போதே உடம்பில் தொற்று இருந்திருக்கிறது, ஊசியால் இல்லை என்று டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். அது அறிவுக்குப் புரிந்தது. ஆனால் அந்த வீட்டில் அதற்குப் பிறகு யாரும் கையை நீட்டவில்லை.

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவள் அப்படிச் செய்யவில்லை.

"போடலம்மா. பயம்," என்றாள். அண்ணன் கதையையும் சொன்னாள், டாக்டர் சொன்னதையும் சொன்னாள். "நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு நான் போடப் போறேன். வர்றவங்க வாங்க."

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவளோடு நானும் போனேன். ஏழு பெண்கள் வந்திருந்தார்கள். வரிசையில் ராஜிதான் முதல். நர்ஸ் ஊசியை எடுத்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் அழுந்தி எனக்குத் தடமே பதிந்தது. முடிந்ததும் அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பெண்கள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஹவ் ஆன்ட்டி, சரி, அடுத்தது நான்," என்று அஸ்வினி சட்டையின் கையை மடித்தாள்.

பன்னிரண்டாம் தேதி மாலைக்குள் பதினோரு பேரும் போட்டுக்கொண்டார்கள். ஒரு வீட்டில் மட்டும் அம்மாவிடம் இரண்டு மணி நேரம் பேச வேண்டியிருந்தது. எண்பத்திநாலு நாள் கழித்து எல்லாரும் இரண்டாவது ஊசியையும் போட்டுக்கொண்டார்கள்.

டிசம்பர் முதல் தேதியிலிருந்து ராஜி இன்னொரு ஏற்பாடு செய்தாள். சுற்றறிக்கையில் அது இல்லை. பயிற்சிக்குப் போகும் பஸ்ஸில் பெண்களை நாலைந்து பேராகப் பிரித்து, அந்தக் குழு மட்டும் சேர்ந்து உட்கார வேண்டும், சேர்ந்து சாப்பிட வேண்டும், உடை மாற்றும் அறைக்கும் குழுவாகத்தான் போக வேண்டும் என்றாள். குழுக்களுக்கு நடுவில் இரண்டு வரிசை காலி. எல்லா ஜன்னலும் திறந்திருக்கும். தினமும் யார் எந்த இருக்கையில் என்று ஒரு நோட்டில் எழுதினாள். பெண்கள் முணுமுணுத்தார்கள். இது டீமா, ஜெயிலா என்று கேட்டவள் கேப்டன் சாஹித்யா.

சாஹித்யாதான் எங்கள் முதல் கோல்கீப்பர். அல்வாலில் வீடு. அப்பா சீதாராமன் பாதுகாப்புத் துறை நிறுவனம் ஒன்றில் ஓய்வு பெற்றவர். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்.

பத்தொன்பதாம் தேதி மதியம் பரிசோதனை முடிவுகள் வந்தன. பதினேழு பேருக்குத் தொற்று இல்லை. சாஹித்யாவுக்கு இருந்தது.

அனந்தகிருஷ்ணன் சார் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "அவளுக்கு ஒரு தும்மல்கூட இல்லை ராஜி. வேற லேப்ல ஒரு ரேபிட் எடுக்கலாம். நெகட்டிவ்னு வந்தா அதையே குடுத்துடலாம். யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும் சார்."

"நாலு வருஷமா இந்த டீமைக் கட்டினேன்."

"தெரியும் சார். பொறுப்பாளர் கையெழுத்து நான் போடணும். இந்த ரிப்போர்ட்டைத் தவிர வேற எதுலயும் நான் போடமாட்டேன்."

அவர் எழுந்து சாத்தியிருந்த கதவைத் திறந்தார். பிறகு, "அனுப்பிடு," என்றார்.

சாஹித்யா போனில் அழுதாள். "நக்கோ ஆன்ட்டி, வேணாம், ப்ளீஸ். எனக்கு ஒண்ணுமே இல்ல. கைக்கு, ஏன் இப்படிப் பண்றீங்க?"

"அப்பாவுக்கு அடுத்த டயாலிசிஸ் என்னைக்கு?"

மறுமுனையில் அழுகை நின்றது. "நாளைக்கு."

அன்று மாலையே சாஹித்யா கல்லூரி விடுதியில் தனியாக இருந்த அறை ஒன்றுக்கு மாறினாள். சாப்பாட்டைக் கதவருகே வைத்துவிட்டு வந்தது ராஜிதான். உள்ளே இருந்தவள் ராஜி படி இறங்கிய பிறகுதான் கதவைத் திறந்தாள்.

மறுநாள் காலை கச்சிபௌலி மைதானத்தில் போட்டியின் மருத்துவர் எங்களை ஓரமாக நிறுத்தினார். "ஒரே பஸ்ஸில் வந்தவர்கள், ஒன்றாகப் பயிற்சி செய்தவர்கள். எல்லாரையுமே தொடர்பில் இருந்தவர்களாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். திருப்பி அழைத்துப் போங்கள்," என்று தெலுங்கில் சொன்னார். பெண்கள் ஏற்கெனவே பூட்ஸ் கட்டியிருந்தார்கள்.

ராஜி பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினாள். பத்தொன்பது நாள் இருக்கைகள். யார் யாரோடு சாப்பிட்டார்கள், உடை மாற்றும் அறைக்கு எந்தக் குழு எத்தனை மணிக்குப் போனது, எல்லாம் இருந்தது. பயிற்சியில் கோல்கீப்பர் பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதுகூட இருந்தது. மருத்துவர் முதலில் புரட்டினார். பிறகு நின்று படித்தார்.

"இது யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"நீங்க டாக்டரா? நர்ஸா?"

"கெமிஸ்ட்ரி லேப் அட்டெண்டர் சார்."

அவர் நோட்டை எடுத்துக்கொண்டு அமைப்பாளர்களிடம் போனார். இருபது நிமிடம் கழித்துத் திரும்பி வந்தார். சாஹித்யாவின் குழுவில் இருந்த மற்ற மூவரும் விலக வேண்டும். மீதிப் பதினான்கு பேருக்கும் அங்கேயே உடனடிப் பரிசோதனை. தொற்று இல்லை என்றால் ஆடலாம். ராஜி பெண்கள் முன்னால் போய் நின்றாள், ஒவ்வொருத்தியாக மூக்கைக் காட்டி முடிக்கும்வரை. பதினான்கும் நெகட்டிவ்.

அஸ்வினி அதுவரை ஒரு முழு ஆட்டம்கூட கோலில் நின்றதில்லை. அன்று நின்றாள். முதல் பாதியில் அவள் கையிலிருந்து பந்து இரண்டு முறை நழுவியது கூரைக்கடியில் இருந்த எங்களுக்கே தெரிந்தது. இரண்டாம் பாதியில் ஒரு பந்தை ஓரமாகப் பாய்ந்து தட்டிவிட்டாள். அதற்குப் பிறகு ஒன்றும் நழுவவில்லை. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். அடுத்த ஆட்டத்தையும் ஜெயித்தோம். அரையிறுதியில் ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றோம். கல்லூரி வரலாற்றில் நாங்கள் அரையிறுதிவரை போனது அதுதான் முதல் தடவை.

சாஹித்யாவுக்கு இரண்டு நாள் தொண்டை வலி, அதோடு சரி. அவள் அப்பாவுக்குத் தொற்று வரவேயில்லை. மூன்றாம் அலை ஓய்ந்து பிப்ரவரியில் கல்லூரி திறந்தபோது சீதாராமன் மகளோடு ஆய்வகத்துக்கே வந்தார். இரண்டு மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது.

"அன்னைக்கு எம் பொண்ணு ஆடிட்டு வீட்டுக்கு வந்திருந்தா, நான் இப்ப இந்தப் படி ஏறியிருப்பேனோ என்னமோ," என்றார்.

சாஹித்யா ராஜியின் முகத்தைப் பார்க்காமல், "சாரி ஆன்ட்டி," என்றாள்.

"நல்லா ஆடுறவளுக்குக் கோபம் வரத்தான் செய்யும்," என்று ராஜி இருவருக்கும் ஸ்டூல் போட்டாள்.

அடுத்த வருடப் போட்டிக்கு வந்த சுற்றறிக்கையோடு ஒரு படிவம் இணைத்திருந்தார்கள். எல்லா அணிகளும் பஸ் இருக்கைகளைக் குறித்து வைக்க வேண்டும். கட்டங்கள்கூட ராஜி போட்டிருந்த மாதிரியே. அனந்தகிருஷ்ணன் சார் அதைக் கொண்டுவந்து ஆய்வக மேசையில் வைத்தார். அணியின் மேலாளர் பெயர் என்ற இடத்தில் தன் கையாலேயே நிரப்பியிருந்தார்: டி. ராஜி.

அவள் கை ஈரமாக இருந்தது. துண்டில் நன்றாகத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கி, ஒரு எழுத்தும் விடாமல் கையெழுத்துப் போட்டாள்.