மேல் தண்ணி

எங்கள் கிணற்றில் வாளியை அமுக்கக் கூடாது. கயிற்றை மெல்ல விட வேண்டும். வாளி தண்ணீர்மேல் சாய்ந்து படுத்து, தானாக நிறைய வேண்டும். நிறைந்ததும் அலுங்காமல் தூக்கிவிட வேண்டும். நான் மேற்கே வாய்க்கால் பாயும் ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். முதல் நாளே வாளியைத் தொப்பென்று போட்டு ஆட்டி அமுக்கினேன். பக்கத்து வீட்டு லாத்தா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினார். துலுக்க வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

"அடியே, ஆத்துத்தண்ணி வீட்டுப் பொண்ணே! உப்பக் கிளப்பாதேடி. மேலாப்புல மொள்ளு!"

திருமலைராயன்பட்டினத்துக்குக் கிழக்கே மணலில் வாளி போட்டு மொண்ட பழைய ஆட்களுக்குத்தான் இது தெரியும். எங்கள் கிணற்றில் இரண்டு தண்ணீர் இருக்கிறது. மழை கொடுத்த நல்ல தண்ணீர் மேலே ஆடைபோல மிதக்கும். அடியில் இருப்பது கடல். கடல் ஏறி வந்த வருஷம் கிணறு முழுக்க உப்பாகி, இரண்டு மழைக்காலம் காத்திருந்த பிறகுதான் மேல் தண்ணி திரும்பியது.

இவ்வளவு தெரிந்த நான் அதை ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அஞ்சாவதோடு நின்றவள் நான். வெளி ஆள் வந்தால் அடுப்படிக்குப் போய்விடுவேன். பங்கு மாதா கோயிலில்கூடப் பின்வரிசைதான். கேட்ட கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டு ஒதுங்குவதே மரியாதை என்று வளர்ந்துவிட்டேன்.

என் மகள் அப்படி இல்லை. கிணற்றடிக்கு மட்டும் அவளை நான் விட்டதில்லை; மொள்வது என் வேலை. புருஷன் விட்டுவிட்டுப் போனதும் ஒரு பையோடு வந்து சேர்ந்தாள். ஒரு வாரம் அழுதாள். எட்டாம் நாள் கொல்லையில் போய் நின்று இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். அவள் அப்பா விட்டுப்போன மணல் கொல்லை அது. நாலு தென்னையும் கொஞ்சம் நெருஞ்சியும் தவிர ஒன்றும் கிடையாது.

"ஏம்மா, இத வச்சுப் பொழைக்க முடியாதா? திருப்பூருக்கு வான்னு கூட்டாளி கூப்புடுறா. எனக்குப் போக இஷ்டமில்ல. நீ இங்க தனியா கெடப்ப."

மகளிர் குழுவில் சேர்ந்தாள். பயிற்சிக்குப் போனாள். அங்கே கொடுத்த நோட்டின் மிச்சத் தாளில்தான் இதை எழுதுகிறேன். முன்பக்கம் முழுக்க அவள் கையெழுத்து. கொல்லை ஓரத்தில் காற்றுக்குச் சவுக்கு, நடுவில் முருங்கை, நிழல்வலைக்குக் கீழே மரக்கன்றுகள். மலைவேம்பு, தேக்கு, நெல்லி. மழைக்கு முன்னால் நடுவதற்கு எங்களிடமிருந்து கன்று வாங்கிக்கொள்வதாக அரசாங்கத் திட்டம் ஒன்று இருந்தது. குழுவில் ஐந்து பெண்கள். நிலம் எங்களுடையது, பாடு எல்லோருடையது, வருவதைப் பங்கிட்டுக்கொள்வது. அது நடந்தால் மகள் என்னோடு இருப்பாள். எனக்கு அவ்வளவுதான் கணக்கு.

இடம் பார்க்க ஒரு அதிகாரி வந்தார். நல்ல மனுஷன். செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நடந்தார். தெருவே கூடிவிட்டது.

"சார், எங்க வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு சனம் வரல. பிரியாணி போட்டுத்தான் அனுப்பணும்," என்றார் லாத்தா. எல்லோரும் சிரித்தார்கள். அவசரமாக மகன் வீட்டுக்குக் கிளம்பி நின்றவர், சொல்லிவிட்டு அப்போதே போய்விட்டார். அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

அதிகாரி உறைக்கிணற்றை எட்டிப் பார்த்தார். பிறகு, அத்தனை பேரில், என்னைப் பார்த்தார்.

"தண்ணி நல்லா இருக்காம்மா?"

நல்லாத்தான் இருந்தது. அன்று காலைதான் அதில் சோறு வடித்தேன். 'ஆனா வாளி போட்டாத்தான் நல்லது, மோட்டார் போட்டா அடி ஏறிரும்' என்று தொண்டை வரை வந்தது. மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். படித்தவருக்குத் தெரியாததா என்றும் தோன்றியது. முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டேன்.

"நல்லா இருக்குங்க."

அவர் ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். மேலாப்பில் மொண்ட தண்ணீர். பரிசோதனையிலும் நல்ல தண்ணீர் என்றுதான் வந்ததாம்.

மோட்டார் வந்தது. பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்தார். குழாயைக் கிணற்றின் அடிவரை இறக்கினார்கள். மகள் சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் கொட்டியது, ஐந்து பெண்களும் கை தட்டினார்கள். நான் அடுப்படியில் நின்றுகொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. செம்மண்ணும் மணலும் எருவும் கலந்து கறுப்புப் பைகளில் நிரப்பி, விதை ஊன்றி, எல்லாம் இரண்டு இலை, நாலு இலை என்று எழும்பின. மகள் மெலிந்தாள், ஆனால் சிரித்தாள். பங்குனிக் கடைசியில் இலை நுனி கருகியது. பூச்சி என்று நினைத்து வேப்பெண்ணெய் தெளித்தாள். எரு சூடு என்று நினைத்து இன்னும் அதிகமாகத் தண்ணீர் விட்டாள். பைகளின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்தது. நான் யாரும் பார்க்காதபோது குழாயில் கை ஏந்தி வாயில் விட்டேன். கரித்தது.

அப்போதும் சொல்லவில்லை. அவள் கண் விழிக்கும் முன்பே எழுந்து, பழைய வாளியை எடுத்து, மேலாப்பில் மொண்டு மொண்டு கன்றுகளுக்கு ஊற்றினேன். ஆடை கிழிந்த பாலில் எதை மொள்வது? மேலேயும் கரித்தது.

சித்திரை முடியும்போது லாத்தா மகன் வீட்டிலிருந்து திரும்பி வந்தார். கொல்லைக்குள் வந்தார், குழாயைப் பார்த்தார்.

"யா அல்லா. இதுல மோட்டாரா? அடித்தண்ணிய உறிஞ்சிட்டீங்களே. ஏண்டி, உங்கம்மாவுக்குத் தெரியுமே. நான்தானே அவள அதட்டுனேன்!"

மகள் என் பக்கம் திரும்பினாள். கையில் கருகிய மலைவேம்புக் கன்று இருந்தது.

"தெரியுமாம்மா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலையே."

"கேட்டாரேம்மா," என்றாள். "உன்னத்தானே கேட்டாரு."

அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். மற்ற நாலு பெண்களும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். ஒருத்தி இறால் கம்பெனிக்கு உரிக்கப் போகிறாள் என்று கேள்வி. பைகளை நானும் மகளும் கொட்டினோம். மண்ணாவது பயன்படும் என்று குவித்தோம். அதிலும் உப்பு.

வைகாசியில் அவள் திருப்பூருக்குப் போனாள். பஸ் ஏறும்போது, "தனியா இருந்துக்குவியா?" என்று கேட்டாள். அதற்கும் தலையைத்தான் ஆட்டினேன்.

அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் போய்விட்டது. நட்டதில் ஓரத்துச் சவுக்கு மட்டும் நிற்கிறது. அது உப்புக்கு அஞ்சாத மரம். காற்றில் கடல் மாதிரியே இரைகிறது. குடிக்க லாத்தா வீட்டிலிருந்து ஒரு குடம் வருகிறது. தினமும் காலையில் வாளியை மெல்ல இறக்கி, மேலாப்பில் மொண்டு, ஒரு வாய் பார்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் போன் பண்ணுவாள். பின்னால் மிஷின் ஓடும் சத்தம் கேட்கும். போன வாரம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அம்மா, கிணத்துத் தண்ணி எப்படி இருக்கு?"

"உப்புத்தான்," என்றேன். "மோட்டார் போடாம இருந்தா மேல் தண்ணி திரும்பி வரும். இன்னும் ரெண்டு மழையாவது ஆகும். அதுக்கப்புறமும் வாளிதான் போடணும். வாளித் தண்ணியில அம்பது கன்னு வளக்கலாம், அதுக்கு மேல முடியாது."

நான் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

"சரிம்மா," என்றாள். "ஷிப்ட்டுக்கு மணி அடிச்சிட்டான்."