குதிரைக்கு ஒரு சொறி

“உங்கட மொழியில குதிரைக்கு ஏன் ரெண்டு சொல்லு?”

றேணுகா அக்கா இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த மொழியை உருவாக்கிய ஜொனாதன் அண்ணனுக்கும் தெரியவில்லை என்பதுதான் பிரச்சினை.

ஜொனாதன் அண்ணன் கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் பக்கத்து வீடு. கப்பல் சாமான்களைச் சுங்கத்தில் கிளியர் பண்ணிக் கொடுக்கும் கம்பனி ஒன்றில் கிளார்க். பகலெல்லாம் அடுத்தவர்களின் பெட்டிகளுக்குப் பின்னால் ஓடுவார். பஸ்ஸில் சீட் கிடைத்தால் போனை எடுத்து, உலகத்திலேயே இல்லாத ஒரு தீவுக்குச் சொற்கள் செய்வார். அந்தத் தீவின் மொழிக்குப் பெயர் ஓர்லி. அதைப் பேசுகிறவர்கள் இரண்டு பேர்: அவரும், ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருக்கும் நானும்.

“குதிரைக்கு ரெண்டு சொல்லு வச்சிருக்கிறான், கலியாணத்துக்கு ஒண்டும் இல்ல” என்பார் அவருடைய அம்மா நேசம்.

வெள்ளவத்தை றேணுகா அக்கா நண்பர்களோடு சேர்ந்து போனில் விளையாடும் கேம் ஒன்று செய்கிறார். குதிரைவீரர்கள் கப்பலில் ஒரு தீவுக்கு வரும் கதை. அதற்கு ஓர்லியை எடுப்பதா என்று முடிவு சொல்லத்தான் எங்களைக் கடலோரத்துக் காலிமுகத்திடலுக்கு வரச் சொல்லியிருந்தார். எடுத்தால் முகம் தெரியாத எத்தனையோ பேர் ஓர்லி பேசுவார்கள். எடுக்காவிட்டால் நாங்கள் இருவர்தான்.

“வெரிமோ எண்டாலும் குதிரை, கல்தூ எண்டாலும் குதிரை. எங்கயிருந்து வந்தது?”

“சும்மா வாயில வந்தது” என்றார் அண்ணன்.

“சும்மா வாறதெண்டா நானே வைப்பனே. உங்கட மொழி எனக்கு என்னத்துக்கு?”

அண்ணனின் முகம் சுருங்கிவிட்டது. யோசித்தபடியே பின்னால் நகர்ந்தார். அங்கே ஒரு பொலிஸ் குதிரை நின்றது. பொலிஸ்காரர் இறங்கி, கடிவாள வாரைப் பிடித்தபடி அதன் மறுபக்கத்தில் தம்பிலி இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் குதிரையில் முட்டித் திரும்பினார். கண்ணுக்கு நேரே பொலிஸ் சின்னம் போட்ட துணி. பக்கத்தில் நீண்ட முகம். நாங்கள் பொலிஸைக் கண்டால் முதலில் மன்னிப்புக் கேட்போம், பிறகுதான் யோசிப்போம்.

“சொறி சேர்!” என்றார், குதிரையைப் பார்த்து.

“ஹரி ஹரி, மல்லி” என்று மறுபக்கத்திலிருந்து சிங்களத்தில் பதில் வந்தது, ‘சரி சரி, தம்பி’ என்று.

அண்ணன் ஒரே பாய்ச்சலில் எனக்குப் பின்னால் ஒளிந்தார். றேணுகா அக்கா சிரித்துச் சிரித்துப் புல்லில் இருந்துவிட்டார்.

“குதிரைக்குச் சொல்லுச் செய்யிற ஆளுக்குக் குதிரையக் கண்டா பயம்!”

“ஓம், பயம்தான்” என்றார் அண்ணன், மூச்சு வாங்க. பிறகு திடீரென்று நிமிர்ந்தார். “அந்தத் தீவு ஆக்களுக்கும் பயம் றேணுகா! அவங்க குதிரையே கண்டதில்ல. ஆள் மேல இருக்கேக்க ரெண்டும் ஒண்டெண்டு நினைச்சுக் கும்பிட்டிருக்கிறாங்க. வெரிமோ எண்டா ‘பெரிய துரை.’ பிறகு ஆள் கீழ இறங்கிட்டான். அங்க நிண்டதுக்கும் ஒரு பேர் வேணும்தானே? அதுதான் கல்தூ. ‘துரை போக மிச்சம்.’”

“இதை எப்ப யோசிச்சனீங்க?”

“இப்பத்தான்.”

“சரி, எடுக்கிறன். ஆனா அடுத்த கிழமை ஆட்டைப் பத்திக் கேப்பன். அதுக்கும் போய் ஒரு ஆட்டோட முட்டுங்க.”

இந்தக் கதையை நீங்களும் யாருக்காவது சொல்லுங்கள். முக்கியமாக, காலிமுகத்திடலில் அந்தப் பொலிஸ்காரரைக் கண்டால் அவருக்குச் சொல்லுங்கள். அந்த ‘சேர்’ தனக்குத்தான் என்று அவர் இன்னமும் நினைத்துக்கொண்டிருப்பார்.