பாக்கியிருந்த நாலாவது பெல்ட்

ஆயுத பூஜையன்று மதியம் மூன்று மணிக்கு மேல் போன் வந்தது. ஸ்பேர் பார்ட்ஸ் கடை செல்வம். "பாண்டி, ராமலிங்கம் அண்ணன் போயிட்டாகப்பா. திருச்சுழி ரோட்டுல ஆடு குறுக்க வந்துருக்கு. ஒடிச்சுருக்காக, பாலத்துச் செவுத்துல மோதிருச்சு" என்றார். நான் முதலில் கேட்டது, "பாப்பா?" என்றுதான். அண்ணனின் பேத்திக்கும் மதினிக்கும் ஒன்றுமில்லை, இடுப்பில் பெல்ட் பதிந்த தடம் மட்டும் இருக்கிறது என்றார். அந்தப் பெல்ட்டுகளை முந்தின நாள் மாட்டியவன் நான். ஓட்டுகிறவர் சீட்டுக்கு மாட்டாமல் விட்டவனும் நான்தான்.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். நாலு பவர்லூம் தறி, வீட்டில் தெலுங்கு, வெளியில் நம்மைவிட நல்ல தமிழ். அப்பா வாங்கி வைத்துவிட்டுப் போன உருண்டை மூக்குக் கறுப்புக் கார். அருப்புக்கோட்டையில் நம் பக்கத்துத் தெருக்களில் பாதிக் கல்யாணங்களுக்கு அந்தக் கார்தான் மாப்பிள்ளை கார். வாடகை என்று பேச்செடுத்தால் கோபம் வந்துவிடும். என் கல்யாணத்துக்கும் அவரே ஓட்டி வந்தார். நான் மாலையும் கழுத்துமாக ஏறிக் கதவை அடித்துச் சாத்தினேன். அவர் வண்டியை எடுக்கவில்லை. "மாப்ள, இது பஸ்ஸுக் கதவு இல்ல. தெறந்து திரும்ப மெதுவா சாத்துங்க" என்றார். சொந்தபந்தமெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க, நான் திறந்து மெதுவாகச் சாத்தினேன். இந்தக் கதையை என் மனைவி இன்னும் விடவில்லை.

நாற்பதுக்கு மேல் முள் ஏறாது. ஷேர் ஆட்டோக்கள் ஹாரன் அடித்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போகும். பின்சீட்டில் யாராவது முணுமுணுத்தால், "அவசரம்னா எறங்கி பஸ்ஸுல போங்க. நான் உங்களுக்கு முன்னாடி வந்துட்டேன்னா டீ நீங்க வாங்கித் தரணும்" என்பார். அப்படிப்பட்ட மனிதர் வேகத்தில் போய் மோதினார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

காலாண்டு விடுமுறைக்குப் பேத்தி கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள். ஆறு வயது. அவள் அப்பா காரில் பெல்ட் மாட்டாமல் வண்டி நகராதாம். தாத்தாவின் காரில் ஏறி சீட்டு இடுக்கெல்லாம் கையை விட்டுத் தேடியிருக்கிறாள். இந்தக் காரில் பெல்ட்டே கிடையாது என்றதும், "அப்ப நான் வரல" என்று இறங்கிவிட்டாள். மறுநாள் காலை அண்ணன் என் ஒர்க்ஷாப்பில் நின்றார். "பாண்டி, எங்கப்பா காலத்துலருந்து இந்த வண்டில ஏறாதேன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. இவ சொல்லிட்டா. நாலு சீட்டுக்கும் போட்ரு."

பெல்ட் வாங்கப் போன இடத்திலும் நெசவுக்காரர் நெசவுக்காரராகவே இருந்தார். செல்வம் எடுத்துப் போட்ட முதல் பெல்ட்டின் ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். "பாவு நூலு பரவால்ல. குறுக்க ஓடுற ஊடை கைல வருது. இத நம்பி என் பேத்திய உக்கார வைக்க மாட்டேன்." அன்றைக்கே மதுரைக்குப் பஸ் ஏறி, நாலு கடை ஏறி இறங்கி, திருப்தியானதை வாங்கி வந்தார். நான் கேலி செய்தேன். இன்றைக்கு நினைத்தால் அந்தக் கேலி எனக்கே பிடிக்கவில்லை.

பழைய வண்டியில் பெல்ட் மாட்டுவது திருகாணி முடுக்குகிற வேலை இல்லை. அந்தக் காலத்து பாடியில் அதற்கென்று இடமே விட்டிருக்க மாட்டார்கள். தரையில் துளை போட்டு, அடியில் கனமான இரும்புத் தகடு கொடுத்து போல்ட் போட வேண்டும். இல்லாவிட்டால் மோதும்போது போல்ட் தகரத்தைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். பூஜைக்கு முந்தின நாள் காலையில் ஆரம்பித்து, மத்தியானத்துக்குள் பின்சீட்டு இரண்டும் முன்சீட்டு ஒன்றும் முடித்தேன். ஓட்டுகிறவர் பக்கம் தரையில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் உள்ளே போனது. முழுக்கத் துரு. வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தால்தான் தாங்கும். தகடு வெட்டிவரப் பட்டறைக்கு ஆள் அனுப்பினேன். அங்கே பூஜைக் கூட்டம். தகடு வரும்போது மணி நாலரை.

அதற்குள் ஒர்க்ஷாப்பைக் கழுவிவிட்டு, டிரில்லிங் மெஷின், வெல்டிங் மெஷின், ஸ்பானர் எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, சூடம் காட்டி முடித்திருந்தோம். நம் ஊரில் தொழில் செய்கிற எல்லோருக்கும் இது தெரியும். முந்தின நாள் சாயங்காலமே பூஜைக்கு வைத்துவிடுவோம்; வைத்த கருவியை விஜயதசமியன்று மறுபூஜை போடும்வரை தொடமாட்டோம்.

ஐந்து மணிக்கு அண்ணன் வந்தார். "ஒண்ணுதான பாக்கி?"

"பூஜைக்கு வச்சாச்சுண்ணே. நாளக் கழிச்சு மறுபூஜை முடிஞ்ச கையோட மொத வேலை உங்க வண்டிதான்."

அவர் கருவிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரிப்பா. என் தறியும் நிப்பாட்டிப் பொட்டு வச்சாச்சு. வச்சத எப்படி எடுக்கச் சொல்றது" என்றார். கொடுத்த பொரிகடலையை ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, வண்டியை எடுத்துப் போனார். ரெண்டு நாளைக்கு ஓட்டாதீங்க என்று நான் சொல்லவில்லை. எத்தனையோ வருஷம் பெல்ட் இல்லாமல் ஓடிய வண்டிதானே என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் மதினியையும் பேத்தியையும் பின்சீட்டில் உட்கார வைத்து, இருவருக்கும் பெல்ட்டை அவரே மாட்டிவிட்டு, திருச்சுழிக் கோயிலுக்குப் போயிருக்கிறார். திரும்பும்போது ஆட்டு மந்தை. ஸ்டியரிங் நெஞ்சில் இடித்திருக்கிறது. வேறு காயமே இல்லை என்றார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். எந்த முகத்தோடு மதினி முன்னால் நிற்பது என்று தெரியாமல் வாசலோடு திரும்பப் பார்த்தேன். அவரே கூப்பிட்டார். "நீங்க என்ன செய்வீக தம்பி. சாமிக்கு வச்சத எடுக்க முடியுமா? அன்னைக்குச் சாயங்காலம் அவுகளே வீட்டுக்கு வந்து சொன்னாக, பாண்டி செஞ்சதுதான் சரின்னு. நீங்க போட்டதாலதான் இந்தப் புள்ள இருக்கு." சொல்லிவிட்டுப் பேத்தியை என் பக்கமாகத் தள்ளினார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மதினி என்னைத் திட்டியிருந்தால்கூட வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

அண்ணனிடமிருந்து நான் என்ன எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று கேட்டால், பதில் ஒன்றுதான். அன்று சாயங்காலம் அவர் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் கேட்டார். தொழில்காரன் மனசு தொழில்காரனுக்குத் தெரியும் என்று அதோடு நிறுத்திக்கொண்டார். அந்த மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. மதினியிடம் சொல்ல முடியாததை இங்கே எழுதிவிடுகிறேன். அவர் இன்னொரு தடவை கேட்டிருந்தால், பூஜைக்கு வைத்த கருவியை நான் எடுத்திருப்பேன்.