வசந்தா எந்த ஊரு ஆளு?

கிட்ட வந்து உட்காருங்க. பட்டுப்புடவை மடிக்கிற வேலையில கை மட்டும்தான் கடையில இருக்கும்; மனசு அதுபாட்டுக்கு ஜரிகை வெளிச்சத்துல எங்கேயோ மிதந்துகினு இருக்கும். ஒருநாள் லீவுக்காக ஏங்கினவங்களுக்கு நான் சொல்றது புரியும்.

தறிக்கு ஓய்வு

நான் நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை. அமாவாசையன்னிக்கு ஆரணியில எங்க தெருவுல தறிச் சத்தமே கேட்காது. அன்னிக்கு உலகமே நின்னுடும்னு நினைச்சுகினு வளர்ந்தவன். அதே ஊர்ல இந்தப் பட்டுக்கடையில சேர்ந்த முதல் மாசம், அமாவாசைக்கு வீட்டுலயே படுத்து, ஓட்டு இடுக்குல விழுற வெயிலைப் பார்த்துகினு இருந்துட்டேன். மறுநாள் முதலாளி கோபிக்கல. சுவத்துல ஒட்டியிருந்த லீவு லிஸ்டைக் காட்டினார். "அமாவாசை தறிக்குத்தான்பா. கடைக்கு இதுல இருக்கிறதுதான்."

பெங்களூரு கிளை

அந்த லிஸ்டு மாநிலத்துக்கு மாநிலம் மாறும்னு வசந்தா போனப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சது. என் பக்கத்துல உட்கார்ந்து புடவை மடிச்சவ, ஆரணிக்குப் பக்கத்துல இருக்கிற சேவூர்க்காரி. முதலாளி பெங்களூருல கிளை திறந்தப்போ அவளை அங்க அனுப்பிட்டாங்க. மாட்டுப் பொங்கலுக்கு ஊருக்கு வரக் கேட்டிருக்கா. எங்களுக்கு அது சம்பளத்தோட லீவு. கிளை மேனேஜரோ, இது கர்நாடகா, இங்க லிஸ்டுல அது இல்லன்னுட்டாராம். சரின்னு இருந்துட்டா.

அந்த வருஷமே அவ பொண்ணுக்குக் குழந்தை பொறந்தது. வசந்தா மடியில போட்டுத்தான் பேர் வைக்கணும்னு, நவம்பர் ஒண்ணாம் தேதிக்குக் குறிச்சாங்க. கர்நாடகா மாநிலம் உருவான நாளு அது, அங்க பூரா அன்னிக்கு லீவு. ஆனா கல்யாண சீசனாச்சே, மேனேஜருக்கு விட மனசில்ல. "உங்க பேரு ஆரணி ரிஜிஸ்டர்ல இருக்கும்மா. ஆரணியில அன்னிக்கு லீவு இல்லையே."

ஒரு வரி

வசந்தா சண்டை போடல. இதை போன்ல எனக்குச் சொல்றப்போகூட, தூக்கத்துல பேசுற மாதிரி மெதுவாத்தான் சொன்னா. ஒரு வெள்ளைத்தாளை அவர்கிட்ட நீட்டினாளாம். "நான் எந்த ஊரு ஆளுன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க சார்."

ஆரணின்னு எழுதினா, மாட்டுப் பொங்கலன்னிக்கு வேலை வாங்கினதுக்கு பதில் சொல்லணும். பெங்களூருன்னு எழுதினா, நவம்பர் ஒண்ணுக்கு விட்டாகணும். ரொம்ப நேரம் பேனாவைத் திருகிகினு இருந்துட்டு, பெங்களூருன்னு எழுதினாராம்.

சேவூர்ல அவ மடியில கிடந்து அந்தக் குழந்தை கொட்டாவி விட்டதை நான் பார்த்தேன். அதோட காதுல மூணு தடவை பேரைச் சொன்னா. திரும்பிப் போறப்போ ஆரணி பஸ் ஸ்டாண்டுகிட்ட அந்தத் தாளை லேமினேட் போட்டு எடுத்துகினு போய், பெங்களூரு கடைச் சுவத்துல, லீவு லிஸ்டுக்குப் பக்கத்துலயே மாட்டிட்டா.